தாண்டக் காலு இருக்குதா

1

நேற்று சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டில், தயிர் டப்பாக்களுக்கும் வெண்ணெய்க்கும் நடுவிலுள்ள சந்தில், ஐந்து வயதுப் பெண் ஒருத்தி என்னை வழிமறித்தாள். பெயர் லீனா. நான் வேலை பார்க்கும் பாலர் பள்ளியின் பிள்ளை. அப்பாவின் தள்ளுவண்டியிலிருந்து வெங்காயத்தாள் கட்டு ஒன்றை உருவி, என் காலுக்குச் சற்றுத் தள்ளித் தரையில் வைத்தாள். பிறகு நாக்கை இப்படியும் அப்படியும் ஆட்டி ஒரு குலவை போட்டாள்.

ஜெர்மனியில் சூப்பர் மார்க்கெட்டுக்குள் யாரும் சத்தம் போடுவதில்லை. கல்லாவில் இருந்த பெண் எழுந்து நின்று பார்த்தார். என் மகன் கவினுக்கு எட்டு வயது. இந்த ஆள் யாரென்றே தெரியாது என்கிற முகத்தோடு அவன் சாக்லேட் வரிசைப் பக்கம் நகர்ந்துவிட்டான். லீனாவின் அப்பா மட்டும் வண்டியை ஓரமாக நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு, நிதானமாகக் காத்திருந்தார். போன வருடம் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்த மனிதர் அவர்தான்.

நான் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அந்த வெங்காயத்தாளைத் தாண்டிப் போகவும் முடியாது. ஏன் முடியாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இங்கே வந்து இந்த மாதத்தோடு இரண்டரை வருடம் ஆகிறது. ஊரிலிருந்து பேசுகிறவர்கள் குளிர் எப்படி, மீன் கிடைக்கிறதா, வீடு எப்போது கட்டப்போகிறாய் என்று எல்லாம் கேட்கிறார்கள். என்ன வேலை என்று கேட்டால் மட்டும் என் அம்மா முந்திக்கொண்டு, "ஸ்கூல்ல இருக்கான்" என்று சொல்லி முடித்துவிடுகிறார். உண்மையை நானே சொல்லிவிடுகிறேன். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளோடு பாட்டுப் பாடி, கை தட்டி, தவளை மாதிரி குதித்துத்தான் பிழைக்கிறேன்.

2

என் மனைவி ஜெனிதா நர்ஸ். வேளாங்கண்ணிக்காரி. ஜெர்மனி கூப்பிட்டது அவளைத்தான். நானும் கவினும் லக்கேஜ் கணக்கில் வந்தவர்கள். அதற்கு முன்னால் நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் வாத்தியார். என் சான்றிதழ்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, முத்திரை வாங்கி, உரிய இடத்துக்கு அனுப்பினேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. அதற்குள் எனக்குத் தொப்பை விழுந்துவிட்டது.

இங்கே அரசாங்கம் தபாலில்தான் பேசும். நம்மூர் தாலுகா ஆபீஸ் என்றால் யாராவது ஒரு ஆளைப் பிடித்துக் கெஞ்சலாம், திட்டலாம், டீ வாங்கிக் கொடுத்து ஊர்க்கதை பேசலாம். கடுதாசியிடம் என்ன பேசுவது? அந்த முதல் வருடம் முழுக்க நான் தபால் பெட்டியைத் திறந்து மூடுவதையே உத்தியோகமாக வைத்திருந்தேன். ஜெனிதா டியூட்டிக்கும் கவின் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, பகலில் ஜன்னல் திரையைக்கூட விலக்க மாட்டேன். மத்தியானச் சோற்றைச் சட்டியிலிருந்தே தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வேன். சாயங்காலம் அவள் வந்து விளக்கைப் போட்டால் கோபம் வரும். என்ன மனுஷன் இவன் என்று எனக்கே என்னைப் பிடிக்காமல் போயிருந்தது.

ஒருநாள் வேலைவாய்ப்பு அலுவலகத்துப் பெண், கூட்டத்தைச் சமாளித்த அனுபவம் உண்டா என்று கேட்டார். கடைசி வருட மெக்கானிக்கல், கடைசி பெஞ்சு என்றேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, எதையோ தட்டச்சு செய்தார். அடுத்த மாதம் நான் என் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவனுக்கு மூக்கு துடைத்துக்கொண்டிருந்தேன்.

பதவி, உதவியாளர். முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். அது முடியும்போது பள்ளித் தலைவி பிர்கிட்டும் மேலிடமும் வைத்துக்கொள்ளலாம் என்றால் நிரந்தரம். வேண்டாம் என்றால் மறுபடியும் தபால் பெட்டி. ஜன்னல் திரை. சட்டிச் சோறு.

முதல் வாரமே மானம் போனது. நான் படித்த ஜெர்மன் அலுவலகத்துக்குப் போகிறவன் ஜெர்மன். அதில் எல்லோரும் மரியாதைக்குரியவர்கள். அதனால் மூன்று வயதுப் பையனைப் பார்த்து, தாங்கள் தயவுசெய்து தங்கள் சப்பாத்தை வலது காலில் மாட்டிக்கொள்ளுங்கள் என்கிற ரீதியில் பேசிவந்தேன். பிர்கிட் சிரித்து முடித்துத் திருத்தினார். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போனது. இன்றைக்கும் சிலர், தாங்கள் என்று கூப்பிட்டால்தான் என் சொல் கேட்கிறார்கள். கவின் காதுக்கு விஷயம் எட்டியபோது, தன் பள்ளிக்கூட விழாவுக்கு அம்மா மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டான்.

3

இந்தப் பள்ளியில் எல்லாவற்றுக்கும் பாட்டு உண்டு. கை கழுவ ஒரு பாட்டு, துடைக்க ஒரு பாட்டு, பொம்மையை எடுத்து வைக்க, சப்பாத்து மாட்ட, வாயை மூட. எழுத்து, எண் என்று புத்தகத்தைத் திறப்பதே இல்லை. வாயால் ஐந்து வரை எண்ணத் தெரியாத பிள்ளை பாட்டுக்கு அடி வைக்கும்போது காலால் எண்ணிவிடும், முதலில் உடம்பு படிக்கட்டும், வார்த்தை பின்னால் வரும் என்பது பிர்கிட்டின் கட்சி. பாலிடெக்னிக்கில் எனக்கு இது முன்பே தெரிந்திருந்தால் தெர்மோடைனமிக்ஸில் அத்தனை பேர் அரியர் வைத்திருக்க மாட்டார்கள்.

எனக்குப் பாட்டு மனதில் நிற்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வாய் தவறிக் கை கழுவும் பாட்டை ஆரம்பித்துவிட்டேன். மொத்தக் கூட்டமும் கரண்டியைப் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய் வரிசையில் நின்றது. உருளைக்கிழங்கு ஆறிப்போனது. சமையல்கார அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பிர்கிட் ஒரு கவலையைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்னால் டாக்டர் பிள்ளைகளைச் சோதிப்பார். அதில் ஒன்று, திரும்பாமல் பின்பக்கமாக அடி வைத்துப் பின்னால் நடப்பது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது வரவில்லை, நாலடி வைப்பதற்குள் விழுகிறார்கள், இதற்கென்று நல்ல பாட்டும் இல்லை என்று வருத்தப்பட்டார்.

நான் சிரித்துவிட்டேன். பின்னால் நடக்கப் பாட்டு இல்லையாம். எங்கள் பக்கத்தில் பின்னால் நடந்துதான் ஒரு ஜில்லாவே சோறு தின்கிறது. வயலில் நாற்று நடுகிறவர்கள் வரிசையாகக் குனிந்து, நட்டுக்கொண்டே பின்னால்தான் போவார்கள். முன்னால் போனால் நட்டதை மிதித்துவிடுவார்கள் அல்லவா. வரிசை கோணாமல் இருக்கப் பாட்டு. ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். இதை பிர்கிட்டிடம் கைகாலை ஆட்டி விளக்கினேன். அவர் கண்ணை விரித்து, உங்களுக்கு அந்தப் பாட்டு தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டேன். நம்மால் தெரியாது என்று சொல்ல முடியுமா?

4

அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா எங்கள் ஊரில் பேர் பெற்ற பாட்டுக்காரி என்று மற்ற பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அம்மா வயலில் இறங்கினால் பக்கத்து வயல் ஆள்கூட இந்தப் பாட்டுக்குத்தான் நடும் என்பார்கள். ஆனால் நான் பார்த்த காலத்தில் அம்மா வயலில் பாடியதில்லை. வாயை இறுக்கிக்கொண்டு நட்டுவிட்டு வருவார். நான் கேட்டதெல்லாம் மற்றவர்கள் பாடியது, அதுவும் பாதி.

நான் கூப்பிட்டபோது அம்மா வயலில்தான் இருந்தார். இப்போது எங்களுக்குச் சொந்தமாக மூன்று மா நிலம் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு ஏக்கர். குறுவைச் சாகுபடிக்கு நடவு மெஷின் ஓடிக்கொண்டிருக்க, அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் குடை பிடித்து உட்கார்ந்து அதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். கையால் நடும் காலம் போச்சே என்று யாராவது எழுதினால் அம்மாவிடம் அடி வாங்குவார்கள். மெஷின் வந்த அன்றைக்கு அதற்கு மாலை போட்டவர் அவர்.

விஷயத்தைச் சொன்னேன். அம்மா மெஷின் சத்தத்தை மீறிக் கத்தினார்.

"நான் குனிஞ்சது பத்தாதாடா? ஒன்னைய குனிய விடக் கூடாதுன்னுதான படிக்க வச்சேன். நீ ஏரோப்ளேன் ஏறிப் போயி வெள்ளக்காரப் புள்ளைங்கள குனிய வைக்கப் போறியா?"

இல்லம்மா, விளையாட்டுக்குத்தான், வேலை நிரந்தரமாகணும் என்று கெஞ்சினேன். வேலைக்காக வேண்டுமானால் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன், பாட்டெல்லாம் மறந்து போச்சு என்று வைத்துவிட்டார். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு நாளும் எதையும் மறக்கிற ஆள் இல்லை அவர்.

5

நானே கட்டினேன். மெட்டு, மற்ற பெண்கள் பாடிக் கேட்டது. வார்த்தை என்னுடையது. பாதி ஜெர்மன், பாதி தமிழ். இரண்டிலும் யோக்கியதை கிடையாது. தமிழ்ப் பாதி இது:

ஒத்தக் காலு பின்னால
ஒரு நாத்து முன்னால
குத்திக் குத்தி நட்டு வா
குனிஞ்ச தல நிமிராம

பச்சைக் காகிதத்தை நீளமாகக் கத்தரித்து, ரப்பர் பேண்டு போட்டு, நாற்றுக் கட்டுப்போல முடி முடியாகக் கட்டிக் கொடுத்தேன். பிள்ளைகள் கூடத்தில் வரிசையாக நின்று, குனிந்து, காகித நாற்றைத் தரையில் வைத்து, பின்னால் ஓரடி. மறுபடி வைத்து, பின்னால் ஓரடி. முதல் நாள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து மலையாகக் கிடந்தார்கள். குதிகாலுக்குக் கண் இருக்கிறது, அதால் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டாவது வாரம் சுவர் வரை போய்த் திரும்பினார்கள். பிர்கிட் நின்று பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு வீட்டில் நான் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவியதாக ஜெனிதா சொல்கிறாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு காலை, பாட்டு நடுவில் சமையல்கார அம்மா கூடத்தைக் கடக்க வந்தார். என் கை தானாக ஒரு காகித முடியை எடுத்து அவர் காலுக்கு முன்னால் வைத்துவிட்டது. வாய் குலவை போட்டுவிட்டது.

டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நடவு நடக்கும்போது வரப்பில் யார் வந்தாலும், நிலத்துக்காரரோ, உரக்கடைக்காரரோ, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரோ, பெண்கள் ஒரு முடி நாற்றைக் கொண்டுபோய் அவர் காலுக்கு முன்னால் வைத்துக் குலவை போடுவார்கள். வந்தவர் வெற்றிலை பாக்குக்கு ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும். கொடுக்க ஒன்றுமில்லை என்றால் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, அந்த முடியை நட்டுக் கொடுக்கலாம். தாண்டிப் போகக் கூடாது. அது சோற்றைத் தாண்டுவது.

சமையல்கார அம்மா சிரித்து ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். என்னோடு பேச்சும் வந்துவிட்டது. ஆனால் பிள்ளைகள் இதுதான் பாட்டின் கடைசி அடி என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் பள்ளி வாசல் சுங்கச்சாவடி ஆனது. பிள்ளையை விட வந்த பெற்றோர் எல்லோரும் நின்றார்கள். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியை எடுக்கக் காசுக்குப் பதில் போடும் பிளாஸ்டிக் வில்லை, இருமல் மிட்டாய், சட்டைப் பொத்தான், பழைய பஸ் டிக்கெட் என்று பையில் இருந்ததைக் கொடுத்தார்கள். ஜன்னலோரம் எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. சாமி கும்பிடாத குறைதான்.

லீனாவின் அப்பா ஒருவர்தான் தாண்டினார். காதில் போன், கையில் கார் சாவி. மகள் வைத்த முடியைப் பார்த்தாரோ இல்லையோ, ஒரே எட்டு.

லீனா அழவில்லை. அந்த முடிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டதற்கு, அப்பா சோற்றைத் தாண்டிட்டார் என்றாள். அது நான் சொல்லிக் கொடுத்த வார்த்தை. எனக்கு ஏன்டா சொன்னோம் என்று இருந்தது.

6

மறுநாள் அவர் வந்தார். பெரியவர்களை மறித்துப் பொருள் பறிக்கப் பிள்ளைகளைப் பழக்குகிறீர்கள் என்றார். இப்படி ஒரு ஆள் இங்கே தேவையா என்று என்னை வைத்துக்கொண்டே கேட்டார். பறிப்பது என்ற வார்த்தையை அவர் உச்சரித்த விதத்தில், நான் முகமூடி போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் நிற்கிறவன் மாதிரி எனக்கே தோன்றியது.

பிர்கிட் நல்லவர். ஆனால் சட்டம் என்று வந்தால் அசைய மாட்டார். பணியாளர்கள் பெற்றோரிடமிருந்து எதுவும் வாங்கக் கூடாது, இருமல் மிட்டாய்கூடக் கூடாது. பாட்டு இருக்கட்டும், வசூல் இன்றோடு சரி என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, வருகிற வாரம் மேலிடத்திலிருந்து அதிகாரி ஆய்வுக்கு வருகிறார், உங்கள் வகுப்பில்தான் உட்காருவார், அவர் சொல்வதைப் பொறுத்துத்தான் உங்கள் நிரந்தரம், அன்றைக்கு நடவே வேண்டாம், கை கழுவும் பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார். உடனே சரி என்றேன். இதில் வீரம் காட்டுகிற ஆள் நான் இல்லை. ஜன்னல் திரை கண் முன்னால் ஆடியது.

பிள்ளைகளிடம் இனி யாரையும் மறிக்கக் கூடாது, அது விதி என்று சொன்னேன். விதி என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள். லீனா மட்டும், அப்படியென்றால் நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். கை கழுவப் போகலாமா என்று கேட்டேன்.

7

அதிகாரி உயரமாக இருந்தார். சாம்பல் நிறக் கோட்டு, பளபளக்கும் சப்பாத்து, கக்கத்தில் ஒரு கோப்பு. என்னிடம் கை கொடுத்துவிட்டுப் புன்னகை எதுவும் செய்யாமல், தனக்கு வைத்திருந்த நாற்காலியை நோக்கிக் கூடத்தைக் கடந்தார். நான் கை கழுவும் பாட்டை எடுத்தேன். பதற்றத்தில் துடைக்கும் பாட்டு வந்துவிட்டது. பிள்ளைகள் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் வட்டத்தில் லீனா இல்லை என்று கவனித்தேன்.

அவள் அலமாரியிலிருந்து ஒரு காகித முடியை எடுத்துக்கொண்டு அதிகாரிக்கு முன்னால் போய்விட்டாள். சப்பாத்து நுனியிலேயே வைத்தாள். குலவை போட்டாள். அவ்வளவுதான், மற்ற எல்லாத் தொண்டைகளும் திறந்துகொண்டன. பிர்கிட் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரியின் வலது கால் ஏற்கெனவே உயர்ந்திருந்தது. நான் அந்தக் காலை மட்டும் பார்த்தேன். அது முடிக்கு அந்தப் பக்கம் இறங்கினால் எனக்குப் பிரச்சினை இல்லை. அவர் நாற்காலிக்குப் போவார், நான் கை கழுவுவேன், எல்லாம் சுமுகமாக முடியும். லீனா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வைத்த நாற்றை ஒருவர் தாண்டுவது இது இரண்டாவது தடவையாக இருக்கும். வேலை போனால் போகிறது என்று தோன்றிவிட்டது.

"தயவுசெய்து தாண்டாதீர்கள்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கால் மெதுவாகப் பின்னால் போய் இறங்கியது. ஏன் என்று கேட்டார். அது நெல் நாற்று, எங்கள் ஊரில் அதை யாரும் தாண்ட மாட்டார்கள், காகிதமாக இருந்தாலும் அதுதான் என்று என் உடைந்த ஜெர்மனில் சொன்னேன். நான் என்ன செய்ய வேண்டும் என்றார். ஏதாவது கொடுக்க வேண்டும் என்றாள் லீனா. கொடுக்கவும் வாங்கவும் எனக்கு அனுமதி இல்லை என்றார் அவர், மிகவும் உண்மையான வருத்தத்தோடு. லீனா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்போ நடணும்."

அவர் கோப்பைக் கீழே வைத்தார். கோட்டைக் கழற்றி பிர்கிட் கையில் கொடுத்தார். முடியை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார். நான் பாட்டை எடுத்தேன். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது, முழுத் தொண்டையில் பாடினேன். மூன்றாவது அடியிலேயே அவர் கட்டை அலமாரியில் இடித்து, தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். மரக்கட்டைகள் உருண்டன. யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் அருகில் போய், தாங்கள் குதிகாலால் பார்க்க வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னான். அவர் எழுந்து ஒரு வரிசையை முடித்துவிட்டுத்தான் நாற்காலிக்குப் போனார்.

அதன் பிறகு பிர்கிட்டின் அறைக்குள் போன இருவரும் வெகுநேரம் வரவில்லை. நான் பிள்ளைகளுக்குச் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். ஜெனிதாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஒரே பையனுக்கு இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிவிட்டேன்.

8

முடிவு தபாலில்தான் வந்தது, வேறு எதில் வரும். கவின்தான் படித்துச் சொன்னான். எனக்கு எழுத்து ஓடவில்லை. பணி நிரந்தரம். பிள்ளைகள் பின்னால் நடப்பது திருப்தி. உதவியாளரின் ஜெர்மன் முன்னேற வேண்டும். நாற்று முடிகளை அவசர கால வெளியேறும் வழியில் வைக்கக் கூடாது. கவின் கடைசி வரியை இரண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்தான். என் வேலையைப் பற்றி அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை, அதுவும் என்னோடு சேர்ந்து.

பிர்கிட் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி, முடி வைக்கும் இடத்தைக் குறித்துவிட்டார். பொருள் வாங்குவது இல்லை, வருகிறவர்கள் நட்டுவிட்டுப் போகலாம் என்று ஏற்பாடு. வசூல் இல்லை என்றானதும் லீனாவின் அப்பாவும் ஒரு காலையில் டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு ஒரு வரிசை நட்டார். லீனா பக்கத்திலேயே நடந்து அவர் வரிசை கோணலாக இருப்பதைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடிந்து அம்மா வீடியோவில் வந்தார். வேலை நிரந்தரம் என்றேன். மாதாவே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு நடந்ததை எல்லாம் சொன்னேன். அம்மா சம்பளத்தைக் கேட்கவில்லை, அதிகாரி விழுந்ததைக் கேட்டுச் சிரிக்கவும் இல்லை.

"அந்த ஆபீசரு நாத்தத் தாண்டுனாரா?"

"இல்லம்மா. காலத் தூக்குனாரு. அப்பறம் நின்னுட்டாரு."

"நின்னுட்டாரா?"

"நின்னு, எறங்கி நட்டாரும்மா."

அம்மா திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேசும்போது குரல் வேறாக இருந்தது. நான் வயிற்றில் இருந்த சம்பா நடவில், மிராசுதார் வரப்பில் வந்தாராம். பாட்டு அம்மாவுடையது, அதனால் முடி வைத்ததும் அம்மாதான். நிறைமாத வயிற்றோடு சேற்றிலிருந்து ஏறி வந்து வைத்திருக்கிறார். அவர் அம்மாவைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனாராம்.

"பாக்காமத் தாண்டிருந்தா வுட்ருப்பேன். பாத்துக்கிட்டே தாண்டுனான். அன்னிக்கி மூடுன வாயிடா."

இத்தனை வருடம் தெரியாமல் இருந்ததற்கு எனக்கு அழுகை வந்தது. கவின் என் தோள் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா மூக்கைச் சிந்தி, தொண்டையைச் செருமி, யாரையோ திட்டப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு பாடினார்.

வெள்ள வேட்டி வரப்புல
வேல வெட்டி இருக்குதா
நாத்து முடி வச்சாச்சு
தாண்டக் காலு இருக்குதா

குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆனாலும் பக்கத்து வயலுக்குக் கேட்கிற குரல்தான் அது. கவின் வாயைத் திறந்தபடி நின்றான். பாட்டி யாரையாவது அடிக்கப் போறாங்களா என்று என்னிடம் கேட்டான். ஆமாம் என்றேன்.

பாடி முடித்ததும் அம்மா பழைய ஆளாகிவிட்டார். என் பாட்டை ஒருமுறை பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, குனிஞ்ச தல நிமிராம என்பதை உடனே எடுத்துவிடச் சொன்னார். பிள்ளைகள் நிமிர்ந்துகொண்டே பின்னால் நடக்கட்டும், காகிதம்தானே, குனிந்துதான் வைக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது என்றார். எடுத்துவிட்டேன். இப்போது பிள்ளைகள் தலையை நிமிர்த்திக்கொண்டு, நாற்றை மேலிருந்து போட்டபடி பின்னால் போகிறார்கள். வரிசை கோணத்தான் செய்கிறது.

போனை வைக்கப் போகும்போது அம்மா இன்னொன்றும் சொன்னார்.

"அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு. முடிய செருப்பு நுனியில வைக்கக் கூடாது. ஒரு அடி தள்ளி வைக்கணும். அவன் யோசிக்க எடம் குடுக்கணும்."

லீனாவிடம் சொன்னேன். நேற்று வெங்காயத்தாள் என் காலிலிருந்து ஒரு அடி தள்ளித்தான் இருந்தது. நான் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல நின்றுவிட்டு, அதைக் கையில் எடுத்துக்கொண்டு, தயிர் வரிசையில் பின்னால் நடக்க ஆரம்பித்தேன்.